மேற்கு விளிம்புக்கு அப்பால்

பெருமதிப்பிற்குரிய வாசகர்களுக்கு முதற்கண் வணக்கம். அறிவியலை முறையாகக் கற்றவர்களும் கதையை முறையாகச் சொல்லத் தெரிந்தவர்களும் நிறைந்துள்ள இம்மொழியில், இரண்டிலும் அரைகுறையான ஒருவர் எழுதத் துணிவது பிழையே. எழுதாமல் இருந்துவிடப் பலமுறை முயன்றும் இயலவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு சமாதானம் இல்லை. கணக்கில் குற்றம் இருப்பின் கற்றோர் திருத்துக. கதையில் குற்றம் இருப்பின் அன்புகூர்ந்து பொறுத்தருள்க. இனி மங்கையர்க்கரசியிடம் செல்வோம்.

மங்கையர்க்கரசியும் சவரிமுத்துவும் ஒன்பது ஆண்டுகள் ஒரே கட்டடத்தில், ஒரே முறைப்பணியில் வேலை பார்த்தவர்கள். பணி நாள்களில் அவர்கள் ஒருவரோடு ஒருவர் ஒரு சொல்லும் பேசியதில்லை. பகை ஏதும் இல்லை. அது அங்கே விதி.

பச்சைமலையின் மேல் இருந்த அந்த இடத்துக்குக் கதிர்வழி நிலையம் என்று பெயர். சூரியனிலிருந்து பாய்ந்து வரும் வேகத் துகள்கள் அதன் எந்த இடத்தில் பிறந்தவை என்று கண்டறிவதே நிலையத்தின் ஒரே வேலை. பிறந்த இடம் தெரிந்தால்தான் போய்ச் சேரும் இடம் தெரியும். சூரியன் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே தன் காந்தக் கோடுகளை வெளியே வீசுகிறது. சுழன்றபடி நீர் தெளிக்கும் தோட்டக் குழாயிலிருந்து நீர் வளைந்து விழுமல்லவா, அதுபோல அக்கோடுகளும் வளைந்து விரிகின்றன. துகள்கள் அந்த வளைவுகளைப் பற்றிக்கொண்டே வரும். ஆகவே ஓரிடத்தில் நிகழும் வெடிப்பு நிலவைத் தாக்கும்; சற்றுத் தள்ளி நிகழும் இன்னொன்று நிலவைத் தீண்டாமல் வேறெங்கோ போய்ச் சேரும்.

இவ்வளவு நுணுக்கம் எதற்கு, எந்த வெடிப்பானாலும் எல்லாரையும் எச்சரித்துவிடலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். முதலில் அப்படித்தான் செய்தார்கள். நிலவின் தென்முனையில் பனிக்கட்டி வெட்டும் தொழிலாளர்கள் மாதத்தில் பாதி நாள் காப்பறைக்குள் முடங்கிக் கிடந்தார்கள். மணி அடிப்பதும், உள்ளே ஓடுவதும், ஒன்றும் நேராமல் வெளியே வருவதுமாக ஆண்டுகள் கழிந்தன. பிறகு மணி அடித்தாலும் யாரும் எழுந்து போவதில்லை என்றாயிற்று. அதன் பிறகு மெய்யான புயல் ஒன்று வந்தது. அன்று இறந்தவர்களின் பெயர்களை நிலையத்து வாசலில் கல்லில் வெட்டி வைத்திருந்தனர்.

அந்தக் கல்லுக்குப் பிறகு வந்ததுதான் இருகுறி விதி. ஒருவர் முன்வழியாளர். தொலைநோக்கி காட்டும் சூரியனின் முகத்தை நேரில் பார்த்து, எங்கே வெடித்தது என்று கண்டு, அவ்விடத்தில் குறி வைப்பார். மற்றவர் பின்வழியாளர். அவருக்குச் சூரியனின் படமே காட்டப்படாது. வந்து சேர்ந்த துகள்களின் வேகத்தையும் வகையையும் மட்டும் கொண்டு, அவை வந்த வழியே பின்னோக்கிப் போய், புறப்பட்ட இடத்தில் குறி வைப்பார். இருவருக்கும் நடுவே சுவர். இரண்டு குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தால், அவ்விடத்தின் துகள்கள் எங்கெல்லாம் போகுமோ அங்கெல்லாம் அபாய மணி ஒலிக்கும். மற்ற இடங்களுக்குத் ‘தடையில்லை’ என்ற செய்தி போகும். குறிகள் விலகி விழுந்தால், அடுத்த அளவீடு வரும்வரை, அதாவது கால் மணி நேரத்துக்கு, எதுவும் நடக்காது; மணி ஒலிக்காமல் யாரையும் வாய்மொழியாகத் திருப்பி அழைக்கவும் கூடாது. சவரிமுத்து முன்வழியாளர். மங்கையர்க்கரசி பின்வழியாளர்.

ஒருவர் மனத்தை மற்றவர் அறியாமலேகூட மாற்றிவிடலாம் என்பதால் பணி நாளில் பேச்சில்லை. ஜீப்பில் ஆளுக்கொரு கோடியில் உட்காருவார்கள். சாப்பாட்டு நேரமும் வேறு வேறு. தற்செயலாக வாசலில் எதிர்ப்பட்டால் தலையை மட்டும் அசைத்துக்கொள்வார்கள். கேன்டீன் நடத்தும் பட்டம்மாள் இதைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொள்வார்.

“கோர்ட்டு வாசல்ல நிக்கிற புருஷன் பொண்டாட்டிகூட இப்படி மூஞ்சியத் திருப்பிக்க மாட்டாங்க. அவரு இப்பத்தான் சாப்பிட்டுப் போனாரு. ரசம் நல்லாருக்குன்னாரு. இதையாவது உங்ககிட்டச் சொல்லலாமா, இல்ல அதுக்கும் ரூல்ஸ் இருக்கா?”

“ரசத்துக்கு ரூல்ஸ் இல்லக்கா, ஊத்துங்க” என்பார் மங்கை.

அன்று முற்பகலில் நிலவிலிருந்து லிங்கதுரையின் குரல் வந்தது. ஆறுமுகநேரி உப்பளத்துக் குடும்பத்தில் பிறந்து, தென்முனைப் பனிக்குழிகளுக்கு மேஸ்திரியாகப் போனவர் அவர்.

“யக்கா, சூரியன் இன்னைக்கி என்ன மூடுல இருக்காரு? தூரக்குழிக்குப் போவலாமா?”

“இப்போதைக்கு அமைதிதான் தம்பி. எத்தனை பேரு போறீங்க?”

“என்னையும் சேத்துப் பதினோரு பேரு. வண்டியில முக்கா மணி நேரம். அங்கன காப்பறை ஒண்ணும் கெடையாது, பாத்துக்கிடுங்க. மத்தியானம் சாப்பிட்டுட்டுக் கண்ணசந்துராதீக.”

“நான் அசந்தாலும் மெஷின் அசராது.”

“மெஷினை நம்பியா யக்கா பொண்டாட்டி புள்ளைய விட்டுட்டு வந்திருக்கோம்? ஒங்களை நம்பில்லா வந்திருக்கோம்.”

பின்னாலிருந்து யாரோ கேலியாக ஏதோ சொல்ல, பலரும் சிரிப்பது கேட்டது. பிறகு இணைப்பு அறுந்தது.

நண்பகல் கடந்து சற்று நேரத்தில் துகள் எண்ணி விழித்துக்கொண்டது. சூரியனுக்கும் பூமிக்கும் நடுவழியில் மிதக்கும் ‘ஏந்தி’ என்னும் சிறு கலம், தன்மேல் எலெக்ட்ரான்கள் வந்து மோதுவதை எண்ணி அனுப்பத் தொடங்கியது. நிலையத் தலைவர் குலோத்துங்கன் அப்போது மங்கையின் அறையில்தான் இருந்தார். வருவாய்த் துறையிலிருந்து மாற்றலாகி வந்து நான்கு மாதங்களே ஆனவர். தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் நல்ல குணம் உடையவர்.

“என்னம்மா, சிவப்பா ஏறுதே, ஆபத்தா?”

“எலெக்ட்ரான் ஆபத்தில்ல சார். அது முன்னால ஓடி வந்து தகவல் சொல்ற ஆளு. பின்னால வர்ற புரோட்டான்தான் மனுஷனை உள்ளே போய் அறுக்கும். அது வந்து சேர இன்னும் கொஞ்ச நேரம் இருக்கு. அதுக்குள்ள நாம இடத்தைச் சொல்லிடணும்.”

“வந்து சேர்ந்ததைப் பாத்து, கிளம்பினதை எப்படிச் சொல்றீங்க?”

“துறையூர் பஸ் ஸ்டாண்டுல நிக்கிறீங்கன்னு வச்சுக்குங்க சார். திருச்சியில ஒரே நேரத்துல மூணு பஸ் எடுக்குறான். பாயின்ட் டு பாயின்ட் முதல்ல வரும். டவுன் பஸ் ஊர் ஊரா நின்னு கடைசியில வரும். எவ்வளவு இடைவெளி விட்டு வருதுன்னு பாத்தா, எப்போ எடுத்தான்னு சொல்லிட மாட்டீங்களா? வேகமான எலெக்ட்ரானும் மெதுவான எலெக்ட்ரானும் அதே மாதிரிதான்.”

“அட, இவ்வளவுதானா” என்றார் குலோத்துங்கன். அதற்குள் அவருடைய தொலைபேசி அழைக்கவே, மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போனார்.

இவ்வளவுதானா என்று அவர் கேட்ட கணக்கு அன்று மங்கைக்கு இரண்டு விடைகளைக் கொடுத்தது.

முதலில் வந்த எலெக்ட்ரான்கள் ஒல்லியான ஒரு கூட்டம். அவற்றோடு இலேசான வகை ஹீலியம் நிறைய வந்தது. அது திடீரென வெடித்து அடங்கிவிடும் சிறு வெடிப்பின் அடையாளம். நிலவுக்கு வரும் காந்தக் கோடு நேராகச் சென்று தொடும் மேற்குப் பாதியில்தான் அது நிகழ்ந்திருக்க வேண்டும். அந்தக் கூட்டம் வந்தது, முடிந்தது. ஆனால் அதன் வாலைப் பிடித்துக்கொண்டே இரண்டாவது கூட்டம் ஏறியது. அது தாமதமாகப் புறப்பட்டிருந்தது. அந்த ஹீலியம் அதில் இல்லை. நேர்வழியில் வராமல் அலைக்கழிந்து வந்திருந்தது. குறையாமல் ஏறிக்கொண்டே இருந்தது. மூன்று நாள்களுக்கு முன் சூரியனின் மேற்கு விளிம்பைத் தாண்டி மறைந்த பெரிய கரும்புள்ளிக் கூட்டம் ஒன்று இருந்தது. நிலையத்தார் அதற்குப் ‘பலா’ என்று பட்டப்பெயர் வைத்திருந்தனர். கணக்கு அங்கே கைகாட்டியது. கண்ணுக்குத் தெரியாத அந்தப் பக்கத்தில் சூரியப் பிழம்பின் மாபெரும் பிதுங்கல் ஒன்று கிளம்பியிருக்கிறது. அது தள்ளிக்கொண்டு வரும் அலை அகலமானது, நிலவையும் விடாது.

மங்கை குறியை எடுத்து மேற்கு விளிம்புக்கு அப்பால் கொண்டுபோனார். கை அங்கேயே நின்றது.

சுவருக்கு அப்பால் இருப்பவர் முன்வழியாளர். கண்ணில் கண்டதைத்தான் குறிப்பார், குறிக்க வேண்டும். விளிம்புக்குப் பின்னால் நடப்பதை எந்தத் தொலைநோக்கியும் அவருக்குக் காட்டாது. முகப்பில் வெடித்த சிறு வெடிப்பு அவருக்குப் பளிச்சென்று தெரிந்திருக்கும். அங்கேதான் வைப்பார். குறிகள் விலகும். கால் மணி நேரம் போகும். அடுத்த முறையும் விலகலாம். தூரக்குழியில் பதினொரு பேர் காப்பறையில்லாமல் நிற்கிறார்கள். வண்டியில் திரும்பவே முக்கால் மணி நேரம்.

அவருடைய கை உள்நோக்கி நகர்ந்தது. சிறு வெடிப்பின்மேல் குறியை வைத்து அழுத்தினார். எந்த இடத்திலிருந்து வந்தால் என்ன, மணி அடித்தால் போதும் என்று அந்தக் கணத்தில் அவருக்குத் தோன்றியது. பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே எழவில்லை. பூட்டிய கதவை உடைத்து உள்ளே இருப்பவரை வெளியே இழுப்பதுபோல இருந்தது.

இரண்டு குறிகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மணி ஒலித்தது.

“யக்கா!” என்றது லிங்கதுரையின் குரல். “இப்பத்தான் மெஷினை எறக்கி ஆணியடிச்சோம். இதென்ன நெசமா, வெளையாட்டா?”

“இறக்கினதை அப்படியே போட்டுட்டு வண்டியில ஏறுங்க தம்பி. நெசம்.”

“குழாய்ல தண்ணி நிக்கி. விட்டுட்டுப் போனா ஒறைஞ்சு வெடிச்சிரும்.”

“வெடிக்கட்டும். பதினோரு பேரும் ஏறிட்டீங்களா, அதை மட்டும் சொல்லுங்க.”

ஏறினார்கள். முணுமுணுத்துக்கொண்டே ஏறினாலும் ஏறினார்கள். வண்டி புறப்பட்டு வெகுதூரம் வந்துவிட்டது என்று தெரிந்த பிறகே மங்கை நாற்காலியில் சாய்ந்தார். அப்போது குலோத்துங்கன் இரண்டு கையிலும் தேநீர்க் குவளைகளோடு உள்ளே வந்தார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

“பிரமாதம்மா! ரெண்டு குறிக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இல்ல. நிலாவுக்கு மணி, மத்த எல்லாருக்கும் தடையில்லை. வலசைக் கலத்துலேருந்து நன்றிகூடச் சொல்லிட்டாங்க.”

“வலசையா? அவங்க எதுக்கு சார் நன்றி சொல்றாங்க?”

“அவங்க ரெண்டு ஆன்டெனாவுல ஒண்ணு பழுதாயிருக்காம். எலெக்ட்ரான் ஏறுதுன்னு தெரிஞ்சு வேலையை நிறுத்தி வச்சிருந்தாங்க. நம்ம தடையில்லை வந்ததும் பூவரசன் வெளியில இறங்கிட்டாராம்.”

வலசை என்பது செவ்வாய்க்குச் சரக்கு ஏற்றிச் செல்லும் கலம். அதில் இருவர்: கலம் ஓட்டும் நஸ்ரின், பொறியாளர் பூவரசன். மங்கை தேநீரை வாங்கவில்லை.

“சார், வலசை இன்னைக்கு எந்தக் கோட்டுல இருக்கு?”

குலோத்துங்கனுக்கு அது தெரியாது. மங்கையே திரையில் போட்டுப் பார்த்தார். பல மாதங்களாகப் பயணம் செய்யும் கலம். அதைத் தொடும் காந்தக் கோடு நாளுக்கு நாள் இடம் மாறும். அன்று அந்தக் கோடு, சூரியனின் மேற்கு விளிம்பைத் தாண்டி, பலாவின் நடுவில் போய் நின்றது. நிலவுக்கு வருவது அலையின் ஓரம். வலசைக்குப் போவது அதன் நெஞ்சு.

“சார், நான் வச்ச குறி பொய்.”

“என்னம்மா சொல்றீங்க?”

“அந்த வெடிப்பு அப்பவே அணைஞ்சு போச்சு. அடுப்பு அணைஞ்ச பிறகும் பால் பொங்குதுன்னா, வேற எங்கயோ பெரிய அடுப்பு எரியுதுன்னு அர்த்தம். அது பலாவுல எரியுது. எனக்குத் தெரியும். தெரிஞ்சேதான் இங்க வச்சேன். குறி விலகிட்டா மணி அடிக்காதேன்னு வச்சேன்.”

குலோத்துங்கன் குவளைகளை மேசைமேல் வைத்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகப் பேசினார்.

“பதறாதீங்க. இப்ப புதுசா ஒண்ணு வெடிச்சிருக்குன்னு போட்டுக்கலாம். உங்க பழைய குறிக்கு ஒண்ணும் ஆகாது. யாருக்கும் ஒண்ணும் தெரியவும் வேண்டாம். உங்களுக்கு இன்னும் பதினோரு வருஷம் சர்வீஸ் இருக்கும்மா.”

“புதுசுன்னா புது அளவீடு வரணும் சார். கால் மணி நேரம். அதுக்குள்ள புரோட்டான் அங்க போயிடும். பூவரசன் வெளியில நிக்கிறாரு.”

“வேற வழி?”

“குறியைத் திரும்ப எடுக்கணும். நான் என் வாயால சொல்லணும்.”

இந்த இடத்தில் விதியின் இன்னொரு பகுதியைச் சொல்லியாக வேண்டும், வாசகர் பொறுத்தருள்க. வைத்த குறியை எடுக்க விரும்புபவரிடம் இயந்திரம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: பிழையா, அறிந்தே வைத்ததா? பிழை என்றால் கணக்கு மறுபடி தொடங்கும். அதற்கும் கால் மணி நேரம். அறிந்தே வைத்தது என்றால், குறி அந்தக் கணமே அழியும். அப்படிச் சொன்னவர் மறுநாள் முதல் அந்த மேசையில் உட்கார முடியாது. ஒரு குறி அழிந்தால் உடன்பாடும் அழியும். தடையில்லைச் செய்தியோடு நிலவின் அபாய மணியும் சேர்ந்தே நின்றுபோகும். அப்படி நிற்காமல் இருக்க வேண்டுமானால், மற்றவரும் அறிந்தே வைத்ததாகச் சொல்லித் தம் குறியை அதே மூச்சில் எடுத்து, இருவரும் புதிதாக ஓரிடத்தில் வைக்க வேண்டும்.

“சவரிமுத்து என்ன சொல்வாரு?” என்று கேட்டார் குலோத்துங்கன். “கண்ணால பாத்த இடத்துல குறி வச்சவரு. அவரு மேல என்ன தப்பு? ரொம்பப் போனா பிழைன்னுதான் சொல்வாரு. அதைத்தானே சொல்ல முடியும்? அப்புறம் கால் மணி நேரம் ரெண்டு பக்கமும் ஒண்ணும் இல்லாமப் போயிடுமே. நான் போய் அவர்கிட்டப் பேசட்டுமா?”

“பேசினா விதிப்படி ரெண்டு குறியுமே செல்லாது சார். அவரு என்ன சொல்றாரோ சொல்லட்டும்.”

மங்கை இயந்திரத்தின் பொத்தானை அழுத்தினார். அவர் குரல் இரண்டு அறைகளிலும் ஒலிக்கும்.

“பின்வழியாளர் மங்கையர்க்கரசி. என் குறியைத் திரும்ப எடுக்கிறேன்.”

“பிழையா, அறிந்தே வைத்ததா?” என்றது இயந்திரம்.

“அறிந்தே வைத்தேன்.”

திரையில் அவருடைய குறி அணைந்தது. சுவருக்கு அப்பால் நாற்காலி ஒன்று பின்னுக்கு நகரும் ஓசை கேட்டது. குலோத்துங்கன் கண்களை மூடிக்கொண்டு உதடுகளை அசைத்துக்கொண்டிருந்தார். லிங்கதுரையின் வண்டி திரையில் காப்பறையை நெருங்கிக்கொண்டிருந்தது. மணி நின்றுபோனால் வண்டியும் நின்றுவிடும். மேஸ்திரி, உறைந்துகொண்டிருக்கும் குழாய்களை நினைத்து, வண்டியைத் திருப்பினாலும் திருப்புவார்.

ஒன்பது ஆண்டுகளில் முதல்முறையாகப் பணி நேரத்தில் சவரிமுத்துவின் குரல் அந்த அறைக்குள் வந்தது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“முன்வழியாளர் சவரிமுத்து. என் குறியைத் திரும்ப எடுக்கிறேன்.”

“பிழையா, அறிந்தே வைத்ததா?”

“அறிந்தே வைத்தேன்.”

கால் மணி நேரத்தைக் காப்பாற்றுவதற்காக அந்த மனிதர் தாம் செய்யாத குற்றத்தைத் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்கிறார் என்று மங்கை நினைத்தார். கண் கலங்கியது. கலங்கவும் நேரமில்லை. குறியை எடுத்து விளிம்புக்கு அப்பால், பலாவின் நடுவில் வைத்து அழுத்தினார். அதே நேரத்தில் சுவரின் மறுபக்கத்திலிருந்தும் ஒரு குறி வந்து அதன்மேல் விழுந்தது. எங்கே வைப்பது என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை.

நிலவின் மணி நிற்கவில்லை. வலசைக்கும் மணி புறப்பட்டது.

புறப்பட்டது என்றுதான் சொல்ல முடியும். கலம் இருந்த தொலைவுக்கு ஒளியே ஆறு நிமிடம் போக வேண்டும். பதில் வர இன்னொரு ஆறு. அதற்கிடையே லிங்கதுரை பேசினார்: “உள்ள வந்துட்டோம் யக்கா. கதவை அடைச்சாச்சு. பதினோரு பேரும் இருக்கோம். சோறுதான் அங்கன குழியிலயே விட்டுட்டு வந்துட்டோம், பசி உயிர் போவுது.” குலோத்துங்கன் அவருக்கு ஏதோ ஆறுதல் சொன்னார். மங்கை வலசையின் பதிலுக்காகக் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நஸ்ரினின் குரல் வந்தது. மூச்சிரைத்தது.

“நிலையம், மணி கிடைச்சது. அவரு வால் பக்கம் இருக்காரு. கூப்பிட்டுட்டேன், வந்துக்கிட்டு இருக்காரு. கொக்கி சிக்கியிருக்கு போல. இங்க எண்ணி ரொம்ப ஏறிருச்சு. நான் கதிர் புகாத தண்ணித் தொட்டி அறைக்குப் போகணும்னு தெரியும். போகல. வாசல்கிட்ட நின்னு அவரை இழுக்கப் போறேன். யாரும் திட்டாதீங்க.”

திட்டினாலும் அது போய்ச் சேரும்போது எல்லாம் முடிந்திருக்கும். மங்கை ஒலிவாங்கியைத் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்: “நஸ்ரின், ஏறுமுகம் இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும். உச்சம் இனிமேல்தான். அவரை உள்ள இழுத்ததும் ரெண்டு பேரும் தொட்டி அறைக்குப் போங்க. காயம் இருந்தா அங்க போய்ப் பாருங்க. நான் இங்கயே இருக்கேன்.”

அவர் அங்கேயே இருந்தார். பணி முறை முடிந்து அடுத்தவர் வந்த பின்னும், துகள்களின் எண்ணிக்கை குறையும்வரை அளவுகளை ஒவ்வொன்றாக வாசித்து வலசைக்கு அனுப்பிக்கொண்டே இருந்தார். சுவருக்கு அப்பால் விளக்கும் அணையவில்லை.

விசாரணை ஏழு வாரங்கள் நடந்தது. அதையும் இருவரையும் தனித்தனி அறையில் வைத்தே நடத்தினார்கள். இருவரும் ஒன்றுகூடிப் பேசிவிடக் கூடாதாம். அது முடிந்த அன்று பிற்பகல், தங்கள் பொருள்களை எடுத்துக்கொண்டு கடைசியாக மலையிறங்கும் ஜீப்பில் ஏறினர். சவரிமுத்து பழக்கத்தில் எதிர்க்கோடிக்குப் போனார். பிறகு தாமே சிரித்துக்கொண்டு வந்து மங்கையின் எதிரே உட்கார்ந்தார்.

“இனிமே யாரு கேக்கப்போறா?” என்றார்.

முதல் வளைவு கடந்தது. பிறகு மங்கை தொடங்கினார்.

“சவரி சார், உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்.”

“ஒன்பது வருஷம் சேத்து வச்சிருப்பீங்க. ஒண்ணு போதுமா?”

“அன்னைக்கு நீங்க பிழைன்னு சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்காது. உங்க பொண்ணு படிச்சுக்கிட்டிருக்கு. எனக்காக, அந்தக் கால் மணி நேரத்துக்காக, ஒரு பொய்யைச் சொல்லி...”

“பொய்யா?”

சவரிமுத்து அவரை நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு போய்விட்டிருந்தது.

“மேடம், மெஷின்கிட்ட நான் சொன்னது நெசம். அதுக்கு முன்னாடி குறி வச்சேன் பாருங்க, அதுதான் பொய்.”

“புரியல.”

“வெடிப்பைப் பாத்தேன். அது சும்மா பட்டாசு. பாத்துக்கிட்டே இருக்கும்போது மேற்கு விளிம்புக்கு மேல ஒரு வளைவு எந்திரிச்சுச்சு. நகக்கண்ணு அளவுக்கு வெளிச்சம். மெதுவா, கனமா. பின்னால இருந்து எவ்வளவு பெருசு கிளம்பினா முன்னால இவ்வளவு தெரியும்! பலாதான்னு பாத்த உடனே தெரிஞ்சுபோச்சு. குறியை எடுத்து அந்தாண்ட கொண்டுபோயிட்டேன்.”

“அப்புறம் ஏன் வைக்கல?”

“உங்களை நினைச்சேன்.” அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நிலாவோட கோடு நேரா அந்த வெடிப்புலதான் போய் விழுது. நீங்க துகளை மட்டும் பாக்குறவங்க, அங்கதான் வைப்பீங்கன்னு நினைச்சேன். நான் அந்தாண்ட வச்சா ரெண்டும் விலகிரும். பதினோரு பேரு வெளியில நிக்கிறது திரையில தெரியுது. சரி, எங்க வச்சா என்ன, மணி அடிச்சாப் போதும்னு...”

அவர் முடிக்கவில்லை. மங்கைக்கும் முடித்துக் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஒன்றன்மேல் ஒன்று மயிரிழை பிசகாமல் விழுந்த அந்த முதல் இரண்டு குறிகளையும் அவர் மனத்தில் பார்த்தார். இருவரும் உண்மையைக் கண்டிருந்தார்கள், ஒரே நேரத்தில், ஒரே இடத்தில். அங்கேயே வைத்திருந்தால் இரண்டு மணிகளும் அந்தக் கணமே ஒலித்திருக்கும்.

“விசாரணையில சொன்னீங்களா?” என்று கேட்டார்.

“சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. நீங்க?”

“நானும் சொன்னேன்.”

“அப்போ அவங்களுக்குத் தெரியும்.”

“தெரியட்டும்” என்றார் மங்கை. “நாளைக்கே நாம ரெண்டு பேரும் சேர்ந்து போய், அந்த விதியை மாத்துங்கன்னு கேக்கலாம். சுவரு இருக்கட்டும். பேச வேண்டாம். ஆனா அடுத்தவங்க எங்க வைப்பாங்கன்னு யோசிச்சு வைக்கிற நிலைமை இருக்கக் கூடாது. விலகின குறி ரெண்டுக்கும் மணி அடிக்கணும். மாத்துற வரைக்கும் வாசல்லயே உக்காந்திருக்கலாம். நமக்குத்தான் இப்ப வேலை இல்லையே.”

“நல்லாச் சொன்னீங்க” என்றார் சவரிமுத்து. “எத்தனை மணிக்கு வரணும்?”

ஜீப் மலையிறங்கிச் சமவெளிக்கு வந்தது.

இவ்வளவு நேரம் பொறுமையோடு வாசித்தவர்களிடம், அன்றைய இழப்புகளை மட்டும் கூறி விடைபெற அனுமதி வேண்டப்படுகிறது. தென்முனைத் தூரக்குழியில் குழாய்கள் உறைந்து வெடித்ததால் ஒரு மாதத்துப் பனிநீர். ஏந்திக் கலத்தின் துகள் எண்ணிகளில் பாதி. கதிர்வழி நிலையத்தில் சவரிமுத்துவின் பணியும் மங்கையர்க்கரசியின் பணியும். முதல் குறிகளுக்கும் இரண்டாம் குறிகளுக்கும் இடையே போன அரைமணி நேரம். நஸ்ரினுக்கு வலக்கண் பார்வை முழுவதும், இடக்கண்ணில் பாதியும். அவர் இனிக் கலம் ஓட்ட இயலாது. பூவரசன், வயது முப்பத்து மூன்று, அன்றிலிருந்து பதினாறாம் நாள், செவ்வாய்க்குப் போகும் வழியில்.